பாங்கு கேட்ட பின்னும் படுத்திருக்கலாமா?

(திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

பள்ளியில் பாங்கு ஒலிக்கிறது. அதைச் செவியுற்ற ஒருவர், “பாங்கைக் கேட்டுவிட்டேன், என் கடமை தீர்ந்தது” என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் நாம் என்ன சொல்வோம்? பாங்கு தொழுகையன்று, தொழுகைக்கான அழைப்பு. அழைப்பின் பயன் எழுந்து செல்வதில்தான் இருக்கிறது. இதை இங்கே அமர்ந்திருக்கும் சிறுவனும் அறிவான். ஆனால் நம் உடல்நலம் தொடர்பான ஓர் அழைப்பை மட்டும், கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. இன்றைய உரை அதைப் பற்றியது.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயைப் பற்றிப் பள்ளியில் பேசுவதா என்று எவரும் கூச்சப்பட வேண்டாம். கழிவறை ஒழுக்கம் முதல் ஆட்சி முறை வரை அனைத்தையும் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் இதனால் மாண்டனர். உயிர் பறிக்கும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். மேலை நாடுகளை நோக்க நம் நாட்டில் இது குறைவே எனினும், ஆண்டுக்குப் பல்லாயிரம் குடும்பங்களின் கதவை இது தட்டுகிறது.

இந்நோயின் இயல்பு ஒன்றை அறிந்தால் அல்லாஹ்வின் கருணை விளங்கும். பெரும்பாலும் இது ஒரே நாளில் புற்றாக முளைப்பதில்லை. முதலில் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றுகிறது. அது வலிக்காது, தொந்தரவு தராது. அவற்றுள் சில மட்டும் மெல்ல மெல்ல மாறிப் புற்றாகின்றன. அதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவுக்குக் காலம் பிடிக்கிறது. ஆக, நமக்குத் தரப்பட்டிருப்பது நீண்டதோர் அவகாசம். பாலிப் நிலையிலேயே அதை எடுத்துவிட்டால் வர இருந்த நோய் வராமலே போய்விடும். நோயைக் கண்டறிவது மட்டுமன்று, நோயையே தடுத்துவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது.

அந்த அவகாசத்தில் நம்மை எழுப்பும் பாங்குதான் மலப் பரிசோதனை. பாலிப்போ புற்றோ இருந்தால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியக்கூடும். மலத்தில் கலந்துள்ள அந்த இரத்தத்தை வேதியியல் முறையில் கண்டுபிடிக்கிறார்கள். இப்போது பரவலாகியுள்ள ‘ஃபிட்’ என்னும் பரிசோதனை மனித இரத்தத்தை மட்டுமே இனங்காண்கிறது. ஆதலால் முந்தைய முறையைப் போல் இறைச்சியைத் தவிர்க்கும் கட்டுப்பாடும் இதற்கு இல்லை. வீட்டிலேயே சிறு குழலில் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம்.

நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுநோய்களுக்கே பரவலான முன்பரிசோதனை வகுக்கப்பட்டது. குடலுக்கு அவ்வாறு இல்லை. ஆயினும் தனியார் முழு உடல் பரிசோதனைகளின் வழியாகவும், குடும்ப மருத்துவரின் அறிவுரையாலும் இப்பரிசோதனை நம்மிடையே வந்துவிட்டது. நம் விமான நிலையத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் விமானங்கள் சென்று சேரும் சிங்கப்பூரில், 50 வயது எய்திய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இதற்கான குழல்களை வழங்கி அரசும் தொண்டு அமைப்புகளும் அழைக்கின்றன. நம் உறவினர் பலர் அங்கே இப்பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள்.

சகோதரர்களே! சிக்கல் பரிசோதனையில் இல்லை, அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. ‘பாசிடிவ்’ என்று காகிதம் வருகிறது. மருத்துவர், “கொலோனோஸ்கோபி செய்து பார்த்துவிடுங்கள்” என்கிறார். காகிதம் வீட்டுப் பீரோவுக்குள், நிலப் பத்திரங்களுக்கு அடியில் போய்விடுகிறது. பாங்கு கேட்டாயிற்று. போர்வை இழுத்துப் போர்த்தப்பட்டாயிற்று!

அந்தக் காகிதத்தின் உண்மைப் பொருளைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ‘பாசிடிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே என்னும் மருத்துவ அமைப்பில், இவ்வாறு பாசிடிவ் ஆன 70,124 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 30 பேரிடமே புற்றுநோய் இருந்தது. அதாவது 100 பேரில் 97 பேருக்கு அந்நோய் இல்லை. அவர்களுள் கணிசமானோருக்குப் பாலிப் இருக்கும், அதை அப்போதே அகற்றிவிடலாம். எனவே இடிந்துபோக வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியையும் கேளுங்கள். 10 முதல் 12 மாதங்கள் தாமதித்தவர்களில் ஆயிரத்துக்கு 49 பேரிடமும், ஓராண்டுக்கு மேல் தாமதித்தவர்களில் ஆயிரத்துக்கு 76 பேரிடமும் புற்று காணப்பட்டது. முற்றிய நிலையில் காணப்பட்டோரின் அளவு, உடனே வந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது.

வராமலே இருந்துவிட்டவர்களின் கதி என்ன? இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில், பாசிடிவ் ஆன ஏறத்தாழ 1 லட்சத்து 11 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2022 இல் விடை தந்தார்கள். பத்து ஆண்டுகளில், கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களில் இந்நோயால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 7 பேருக்கும் குறைவு. செய்துகொள்ளாதவர்களில் ஆயிரத்துக்கு 16 பேர். கொலோனோஸ்கோபிக்குச் செல்லாதவர்களும் மலப் பரிசோதனை செய்துகொண்டவர்களே. எச்சரிக்கை அவர்களுக்கும் கிடைத்தது. எழுந்து செல்லவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஏன் எழுந்து செல்லவில்லை? நம்மிடையே சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்காரணம், “எனக்கு மூலம் இருக்கிறது, அந்த இரத்தம்தான்” என்பது. நம் ஊர்ச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. உடற்சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு அமைதியடைகிறோம். மூலத்தாலும் இரத்தம் வரலாம் என்பது உண்மையே. ஆனால் மூலம் உள்ளவருக்குப் பாலிப் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு குழாய்கள் கசியலாம் அல்லவா? ஒன்றைப் பார்த்துவிட்டதால் மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாது. சிலர், “இன்னொரு முறை மலப் பரிசோதனை செய்தேன், நெகடிவ் வந்துவிட்டது” என்று மகிழ்கிறார்கள். பாலிப் இன்று கசியும், நாளை கசியாது. இரண்டாவது காகிதம் முதற் காகிதத்தை ரத்து செய்யாது. பாசிடிவுக்கு விடை கொலோனோஸ்கோபி ஒன்றே.

இரண்டாவது காரணம் வெட்கம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்த வெட்கம் பாவத்திலிருந்து தடுப்பதற்கு. சிகிச்சையிலிருந்து தடுப்பதற்கன்று. மார்க்கச் சட்ட மேதைகள், நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்று விதி வகுத்து, மருத்துவர் தேவையான அளவுக்கு உடலின் மறைவிடத்தைப் பார்க்க அனுமதித்தார்கள். தேவையான அளவு என்பதே எல்லை. கொலோனோஸ்கோபியின்போது உடல் முழுவதும் துணியால் மூடப்பட்டே இருக்கும். பெண்கள், பெண் மருத்துவரையோ உடன் ஒரு பெண் செவிலியரையோ வேண்டிக்கொள்ளலாம்.

வெட்கத்தைக் களைந்து பேசியதால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக்கின் கணவர் 1998 இல், 42 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் தமக்குச் செய்யப்பட்ட கொலோனோஸ்கோபியைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார். அதற்குப் பின் அந்நாட்டில் இப்பரிசோதனைக்கு வந்தோர் எண்ணிக்கை கூடியதை 2003 இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. நாம் தொலைக்காட்சிக்குப் போக வேண்டாம். செய்துகொண்ட ஒருவர், தொழுகை முடிந்து ஹவுளருகே நிற்கையில் நண்பரிடம், “நானும் செய்துகொண்டேன், அச்சப்பட ஒன்றுமில்லை” என்று சொன்னால் போதும்.

மூன்றாவது காரணம் தவக்குலைத் தவறாக விளங்கிக்கொள்வது. “விதித்தது நடக்கும், எதற்குக் குழாயை விட்டுப் பார்ப்பது?” என்கிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்தார்கள். தோழர்களோடு கலந்தாலோசித்துத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார்கள். புகாரியில் இடம்பெற்ற இச்செய்தியை நாம் அறிவோம். நோய் விதியென்றால் அதை எடுத்தெறியும் கருவியும் விதிதான்.

இன்னொரு செய்தியை இதனுடன் சேர்த்துச் சிந்தியுங்கள். ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, நெஞ்சின்மீது தங்கள் திருக்கரத்தை வைத்தார்கள். அத்துடன் நில்லாமல், ஸகீஃப் கோத்திரத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். அகிலத்திற்கே அருட்கொடையான கரம் பட்ட பின்பும் அடுத்த மருத்துவரிடம் அனுப்பினார்கள்! “இன்னாரிடம் போய்ப் பார்” என்று நம் மருத்துவர் எழுதித் தரும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் நாம், இந்த நபிவழியை எங்கே பின்பற்றினோம்?

நான்காவது காரணம், “இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம்” என்பது. நோன்பு வருகிறது என்கிறோம். நோன்பு முடிந்தால் பெருநாள். பின்னர் ஹஜ்ஜுப் பெருநாள். அதற்குள் மகளின் நிக்காஹ். நிக்காஹ் முடிந்தால் கடன். சபுராளிகளாக இருப்போருக்கோ விடுமுறையே முப்பது நாள். “அடுத்த வருகையில் பார்த்துக்கொள்கிறேன்” என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒவ்வொரு தவணையும் தனியே பார்க்கையில் நியாயமானதுதான். ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் ஓராண்டு ஓடியிருக்கும். நான் முன்னர்ச் சொன்ன ஆய்வில் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வந்தவர்களுக்கும் முதல் மாதமே வந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே நோன்பு மாதம் குறுக்கிட்டால், மருத்துவரின் சம்மதத்தோடு நோன்பு முடியும்வரை காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் நாள் குறித்துவிட்டுக் காத்திருங்கள். நாள் குறிக்காத காத்திருப்பு மறதியின் மறுபெயர். தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னாலோ, நோயாளிக்குரிய சலுகை இருக்கிறது. நோன்பைப் பின்னர்க் களாச் செய்துகொள்ளலாம்.

ஐந்தாவது காரணம் அச்சம். குழாய் வலிக்குமோ என்னும் அச்சம் ஒன்று. ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சம் மற்றொன்று. முதல் அச்சத்துக்கு மருந்து விவரம் அறிவது. சில நாள் முன்பிருந்தே நார்ப்பொருளும் விதைகளும் மிகுந்த உணவைக் குறைக்கச் சொல்வார்கள். கீரை, கொய்யா, தக்காளி முதலியவை அவற்றுள் அடங்கும். முந்தின நாள் தெளிந்த நீர்மங்களே உணவு. பின்பு குடலைத் தூய்மைப்படுத்தும் மருந்தை நீரில் கலந்து, பெரும்பாலும் இரண்டு தவணையாகக் குடிக்க வேண்டும். செய்துகொண்டோர் அனைவரும் சொல்வது, சிரமமெல்லாம் இதில்தான் என்பது. இதை அரைகுறையாகச் செய்தால் குடலுக்குள் தெளிவாகத் தெரியாது. பரிசோதனையை மீண்டும் செய்ய நேரும். பலமுறை கழிவறைக்குச் செல்ல நேரும் அந்த வேளையில் ஒளுவைப் பற்றியும் தொழுகையைப் பற்றியும் ஐயம் எழுந்தால் உங்கள் இமாமிடம் கேளுங்கள். சட்டத்தில் இதற்கு இடமுண்டு.

மறுநாள் மயக்கமூட்டும் ஊசி போட்டு, கைவிரல் பருமனுள்ள, வளையக்கூடிய கேமராக் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். பாலிப் தென்பட்டால் கம்பிச் சுருக்கினால் அப்போதே எடுத்துவிடுவார்கள். 1969 இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள் தொடங்கிவைத்த முறை இது. அதற்கு முன்னர் இதே பாலிப்புக்காக வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது! ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டேன். குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக நேர்கிறது. பாலிப் எடுத்த இடத்தில் சிலருக்கு இரத்தம் கசியலாம். சர்க்கரை மருந்து, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்வோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மயக்கம் முழுவதும் தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது. ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது அச்சத்துக்கு, அதாவது தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்துக்கு, என் விடை இதுதான். நாம் பார்க்காததால் உள்ளே இருப்பது இல்லாமல் போவதில்லை. இருப்பதை முன்னரே பார்த்தால் சிறிய சிகிச்சை, பிந்திப் பார்த்தால் பெரிய சிகிச்சை. குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

ஆறாவது காரணம் செலவு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அன்றாடம் உழைத்து உண்பவருக்குச் சில ஆயிரம் ரூபாய் மலைதான். முதலில் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அது 1997 இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், எந்தச் செலவு அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே கேட்டறியுங்கள். அதற்கும் இயலாதவர் நம் மஹல்லாவில் இருந்தால் அது அவரது குறையன்று, நமது பொறுப்பு. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்னும் கருத்தை அல்மாயிதா அத்தியாயம் 32 ஆவது வசனத்தில் ஓதுகிறோம். பைத்துல்மாலிலிருந்து ஒரு பரிசோதனைக்கு உதவுவது அந்த வசனத்தின் நடைமுறை அல்லவா?

சகோதரர்களே! இவ்வளவையும் கேட்ட பின்பு இன்றே செய்ய வேண்டியவை சில.

வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து பாருங்கள். அப்படியொரு காகிதம் இருந்தால் அதை வெளியே எடுங்கள். எவ்வளவு பழையதாயினும் கவலை வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி நாள் குறியுங்கள். அந்நாளை வீட்டாருக்குச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் அறிந்த நாள் எளிதில் தள்ளிப்போகும். ஒரு குடும்பமே அறிந்த நாள் அவ்வளவு எளிதில் தள்ளிப்போகாது.

பிள்ளைகளே! உங்கள் அத்தாவோ அம்மாவோ, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லக்கூடும். பெற்றோருக்கு நன்மை செய்தல் என்பது சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்புவதோடு முடிவதில்லை. பரிசோதனை முடிவு என்னவாயிற்று என்று தொலைபேசியில் கேட்பதும், அந்த ஒரு நாள் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்வதும் அதில் அடங்கும்.

மலத்தில் இரத்தம் கண்ணுக்கே தெரிந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் பல வாரங்களாக மாறியிருந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, வயதானவருக்கு இரத்தசோகை ஏற்பட்டாலோ, மலப் பரிசோதனைக்காகக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோரில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குப் பரிசோதனை தொடங்கும் வயதே அதனால் மாறும்.

கொலோனோஸ்கோபி முடிந்ததோடும் நின்றுவிடாதீர்கள். பாலிப் எடுத்திருந்தால் பயாப்சி முடிவைப் பெற்று, மறுமுறை எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை என்று தெளிவானால் சாதாரண நிலையிலுள்ளவருக்குப் பத்து ஆண்டுகள் வரை நிம்மதி கிடைக்கிறது.

ஆரோக்கியமும் ஓய்வும் மனிதர்களில் பலர் நட்டமடைந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இந்த உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். அமானிதத்தைப் பற்றிய எச்சரிக்கை நம் கையில் தரப்பட்ட பின், “எனக்குத் தெரியாது” என்று சொல்ல நமக்கு வாயில்லை.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு நிறைவான சுகத்தைத் தருவாயாக! அச்சத்தால் தயங்கி நிற்பவர்களுக்குத் துணிவையும், வறுமையால் தயங்கி நிற்பவர்களுக்கு உதவும் கரங்களையும் தருவாயாக! மருத்துவர்களின் கைகளில் பரக்கத்தைத் தருவாயாக! தொடங்கிய நற்காரியத்தை முடித்துவைக்கும் மன உறுதியை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக! ஆமீன்.